முதலில் தந்த தேதி

ஈசூன்,
24 பிப்ரவரி 2026

அன்புத் தங்கை மோகனப்பிரியாவுக்கு,

ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் பேசினால் உன் அண்ணி லட்சுமி காதில் விழும். இந்த மூன்றறை வீட்டில் எங்கே போய் ஒளிவது? அதனால்தான் கடிதம்.

நவம்பரில் என் மூத்திரப்பையிலிருந்து கட்டியைச் சுரண்டி எடுத்ததும், அது புற்றுநோய் என்றதும் உனக்குத் தெரியும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் கட்டம் சொல்வார்களாம். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். முப்பது வருடம் அடுக்குமாடி பிளாக்குகளுக்குப் பெயிண்ட் அடித்தவனுக்குச் சுவர் புரியாதா? பெயிண்டோடு நின்றால் தப்பித்தோம். பூச்சுக்குள் இறங்கினால் ஒன்று. செங்கல் மாதிரி இருக்கும் தசைக்குள் போனால் இரண்டு. அதையும் தாண்டினால் மூன்று. பக்கத்து வீட்டுக்கே போய்விட்டால் நான்கு.

எனக்கு ஒன்று என்றார். ஆனால் எடுத்த துண்டில் தசையே இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாதாம். டிசம்பர் பதினைந்தில் மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

டாக்டரம்மா இதைச் சொன்ன அன்று, லட்சுமியால் லிட்டில் இந்தியா பூக்கடை வேலையை விட்டு என்னோடு வர முடியவில்லை. வீட்டுக்கு வந்தால், நான் குணமாக வேண்டுமென்று தைப்பூசத்துக்கு என் தலையில் பால்குடம் நேர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருவருக்கும் நாற்பத்தெட்டு நாள் விரதமாம். நடுவில் ஆஸ்பத்திரியில் கிடந்தால் விரதம் என்னாவது? அவள் முகத்தைப் பார்த்ததும் டிசம்பர் தேதியைச் சொல்ல மனம் வரவில்லை. டாக்டர் பிப்ரவரிதான் தந்தார் என்று சொல்லிவிட்டு, தேதியை நானே மாற்றினேன். முட்டாள்தனம்தான், திட்டாதே.

பால்குடம் நல்லபடியாக எடுத்தேன். அதன் பிறகு சுரண்டிய துண்டின் முடிவு நேற்று வந்தது. தசைக்குள் போய்விட்டது. டிசம்பரிலேயே அங்கே இருந்ததா, நான் காத்திருந்த நாட்களில் இறங்கியதா என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாதாம். பையையே எடுக்க வேண்டிவரலாம். வெளியே பரவியிருக்கிறதா என்று பார்க்க வியாழக்கிழமை ஸ்கேன். காலையில் மறுபடி ரத்தம் போனது. பயமாக இருக்கிறதம்மா.

உன் அண்ணி அசரவே இல்லை. முருகன் கைவிட மாட்டாருங்க, அடுத்த வருஷம் காவடியே எடுத்துடலாம் லா என்கிறாள்.

அந்த டிசம்பர் தேதி உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை என்ன சொன்னாலும், பிறகு எனக்கு என்ன ஆனாலும், அவளிடம் வாய் திறக்காதே. படித்ததும் இதைக் கிழித்துவிடு. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். அவளுக்குக் கும்பிட முருகனாவது மிஞ்சட்டும்.

உன் அண்ணன்,
வடிவேலு