எங்கே போகிறாய் என்று கேட்காத வீடு

எதையும் சொல்லாமலே போன என் அருமை நைனாவுக்கு,

நலமா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டாலும் நீ பதில் சொல்லப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே சொன்னதில்லை. அதனால் இங்கத்துச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரம் இந்த வருடமும் மணல் தூர்ந்து கிடக்கிறது. ஏரியில் பாதி இடத்தில் முழங்கால் தண்ணீர்தான். இறால் சுண்டுவிரலுக்கு மேல் வளர மாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. நான் இன்னும் நண்டுதான் வாங்கிப் பட்டணத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை.

அந்தக் கடைசிச் சேதிக்கு நீதான் காரணம் என்று சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாததா? தொழிலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கு வலை காலி. வீட்டுக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் மற்ற வீடுகளில் அது படகு கட்டுகிற ரேவோடு நின்றது. நீ அதை அடுப்படி வரைக்கும் கொண்டுவந்தாய். வெற்றிலை வாங்கப் போனாலும் கேட்கக் கூடாது, பொன்னேரிக்கு ஊசி போடப் போனாலும் கேட்கக் கூடாது. அம்மா கேட்டதே இல்லை. சோற்றுத் தூக்கை உன் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அது போதாதென்று டீக்கடையில் பொய் வேறு. வடக்கே போகிற நாளில் தெற்கே கையைக் காட்டுவாய். நண்டு இருக்கிற இடத்தைச் சொன்னால் மறுநாள் ஊரே அங்கே வந்து நிற்குமாம். “நம்பனவன் கெட்டாம்மா, வாய மூடனவன் பொயச்சான்” என்று எனக்கும் ஓதினாய். நானும் கெட்டிக்காரியாகக் கற்றுக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்துச் சாயங்காலம் நீ திரும்பி வரவில்லை. முகத்துவாரம் பக்கம் போவதாக டீக்கடையில் சொல்லியிருந்தாய். நம் தோணிரேவு ஆம்பளைகள் எல்லோரும் போட்டை எடுத்துக்கொண்டு அங்கேதான் தேடினார்கள். மறுநாளும் அங்கேயே தேடினார்கள். நீயோ வடக்கே இருக்கம் என்கிற தீவுப் பக்கம், படகிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்திருக்கிறாய். ஆந்திரா வலைக்காரர்கள் பார்த்துச் சொல்லி அனுப்பியபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

உடனே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாயா? யாருக்குத் தெரியும். யாருக்கும் தெரியாமல் பண்ணியது யார்? நான் அழுததைவிட உன்மேல் கோபப்பட்டதுதான் அதிகம், நைனா. இன்னும் ஆறவில்லை.

இப்போது தாமுவைப் பற்றிச் சொல்கிறேன். முழுப்பெயர் தாமோதரன். அனுப்பம்பட்டுக்காரன், கழனிக் குடும்பம். குட்டியானை வண்டியில் ஐஸ் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நம் நண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறவன். மீன் தொழிலும் தெரியாது, நீச்சலும் தெரியாது. வந்த முதல் நாளே, தீவுக்கு நண்டு எடுக்கக் கிளம்பிப் போட்டில் ஒரு காலை வைத்திருக்கிறேன், கரையிலிருந்து கத்துகிறான்.

“எங்க போற?”

வைத்த காலை எடுத்தேன். “ஏய்யா, தொழிலுக்குப் போறவளப் பாத்து எங்க போறன்னா கேப்ப? வூட்ல சொல்லிக் குடுக்கல?”

“கேட்டா இன்னா தப்பு? எங்க வூட்ல கேக்கலன்னாதான் தப்பு. பாசமே இல்லன்னு அர்த்தம்.”

“உம் பாசத்தக் கொண்டுபோய் ஐஸ் பொட்டில வெய்யி.”

வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுநாளும் கேட்டான். அதற்கு அடுத்த நாளும் கேட்டான். நான் தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு வீங்கியதுதான் மிச்சம்.

அதோடு விட்டானா? அவன் போகிற இடத்தையும் கேட்காமலே சொல்லுவான். போன் அடிக்கும். “பொன்னேரி தாண்டிட்டேன்.” கொஞ்ச நேரத்தில் மறுபடி அடிக்கும். “டோல்கேட்ல நிக்கிறேன், சரியான கூட்டம்.” யாரய்யா உன்னைக் கேட்டது என்று வைத்துவிடுவேன். ஆனால் ஒரு நாள் போன் வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது. நண்டைக் கட்டும்போது கை கடிபடும். இதை அவனிடம் சொன்னேனா? உன் பெண் ஆயிற்றே, சொல்வேனா.

பொங்கல் கழிந்து அவனே கேட்டான். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று, பெட்டிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். அவனுக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகி முறிந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஏன் முறிந்தது என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. “பாக்கலாம்” என்றேன். பார்க்கலாம் என்றே மாதங்களை ஓட்டினேன்.

பிறகுதான் அம்மாவின் கண் ஆபரேஷன். நல்லபடி முடிய வேண்டிய காரியத்தை வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போனால் விளங்குமா? விடிகாலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்பினேன். வழியில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா ஒரு மாதிரி பார்த்தது. அது வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை. “தீவுக்குப் போறங்கா, நண்டு எடுக்க, அம்மாவும் வருது” என்று நானாகவே ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அது என் வாயா, உன் வாயா என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் போனையும் அணைத்து வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மதியத்துக்கு மேல் காற்று ஏறியிருக்கிறது. தாமு வந்து விசாரித்தால் தீவுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்கிறார்கள். என் போன் அணைந்திருக்கிறது. அந்தக் காற்றில் நாங்கள் எங்கேயோ மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து ஒரு போட்டை அமர்த்திக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டான். நடுவழியில் போட்டு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. கூடப் போனவர் தண்ணீர் ஏறட்டும் என்று சொல்லியும் கேட்காமல், நீச்சல் தெரியாத மனிதன் இறங்கி நடந்திருக்கிறான். சிப்பி பாதத்தைப் பிளந்துவிட்டது. மார்பளவு சேற்றில் சிக்கியவனை இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

யோசித்துப் பார், நைனா. இன்னொரு முறை, இல்லாத இடத்தில் தேடல். இந்த முறை சாக இருந்தது தேடப் போனவன்.

மறுநாள் அம்மாவுடன் வந்து இறங்கினால், வண்டிப் படியில் காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. “உன்ன யாரு ஏரில எறங்கச் சொன்னது?” என்று கத்தினேன்.

அவன் கத்தவில்லை. “எங்கதான் போன?”

“அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்.”

“இத சொல்றதுக்கு இன்னா?” கால் கட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னான். “எம் பொண்டாட்டி ஒருநாள் கடைக்குப் போயிட்டு வரேன்னு போனா. நான் தூக்கக் கலக்கத்துல எந்தக் கடைன்னு கேக்கல. பொன்னேரியில ஒவ்வொரு கடையா ஏறித் தேடனேன். பின்னாடிதான் தெரிஞ்சுது, திரும்பி வரக்கூடாதுன்னே போயிருக்கா. அதுலேர்ந்துதான் கேக்கறேன். எல்லாரையும் கேக்கறேன். நீ பதில் சொல்லலன்னா பரவால்ல. பொய் சொல்லாத.”

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வேறொரு டிரைவர்தான் ஐஸ் கொண்டுவருகிறான். தாமுவிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. தப்பு செய்தவள் நான், வீம்பும் எனக்கே. தினமும் போனை எடுத்து அவன் பெயரைப் பார்த்துவிட்டு வைப்பேன். என்மேல் எரிச்சல், அவன்மேல் எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேலே உன்மேல். நண்டு இருக்கிற இடத்தை மறைக்கக் கற்றுக்கொடுத்தாய், சரி. மனசு இருக்கிற இடத்தை யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? அதை ஏன் கற்றுத்தரவில்லை?

இன்றைக்குக் காலையில் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். வழக்கம்போல எதுவும் சொல்லாமல்தான். வாசல் தாண்டப் போகும்போது அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்கம்மா போற?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கும்தான். “தண்ணி குடிச்சிட்டுப் போறதானா போ. நான் கேப்பேன். உங்க நைனாவ ஒருநாளு கேட்டிருந்தா, எங்க தேடறதுன்னாவது தெரிஞ்சிருக்கும்.”

கேட்டாயா, நைனா? உன்னிடம் ஒருமுறையும் கேட்காதவள், என்னிடம் கேட்டுவிட்டாள். நான் தண்ணீர் குடிக்கவில்லை.

“அனுப்பம்பட்டுக்கு. தாமுவப் பாக்க. கட்டிக்கிறேன்னு சொல்லப் போறேன்” என்றேன். அவள் தலையாட்டினாள். டீக்கடையைத் தாண்டும்போது யாரும் கேட்கவில்லை. நானே நின்று அங்கேயும் சொன்னேன். ஒருத்தரும் டீயை வாயில் வைக்கவில்லை.

இப்போது பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. என் ஜாதகத்தில் நம்பிக்கை என்கிற கட்டமே இல்லை, அவனுக்கும் அது ஒருமுறை உடைந்தது. இரண்டு பேரும் எப்படிக் குடித்தனம் பண்ணப்போகிறோம்? நீ இருந்தால் ஏதாவது சொல்வாயா, இல்லை வேறெங்காவது கையைக் காட்டுவாயா? கொஞ்சம் முன்னால்தான் அவனுக்குப் போன் பண்ணி, வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

வைக்கவில்லை. கேட்டான். “எந்த பஸ்ல வர?”

அழுகை வந்துவிட்டது, நைனா. பஸ்ஸின் நம்பர், ஜன்னல் சீட்டு, கட்டியிருக்கிற புடவையின் நிறம் எல்லாவற்றையும் சொன்னேன்.

உன்மேல் இருக்கிற கோபத்தை விட்டுவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இதைக் கொடுக்கிறேன்: என்னைத் தேடி நான் இல்லாத இடத்துக்கு யாரையும் போக விடமாட்டேன். போகிற இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

பஸ் வந்துவிட்டது. அனுப்பம்பட்டுக்குப் போகிறேன், நைனா.

உன் மகள்,
தேசம்மா