எதற்கென்று கேட்காத காசு

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
5-8-1909

அன்புள்ள அம்மாவுக்கு, தையல்நாயகி வணங்கி எழுதுவது.

தம்பிப் பாப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மற்றவர்கள் சுகம். சித்தப்பாவும் சித்தியும் தூங்கிய பிறகு, விளக்கைத் தாழ்த்தி வைத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். அப்பா வேலைக்குப் போன பிறகுதான் நாகப்பட்டினத்தில் தபால் வரும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அம்மா, நான் பெரியவளாகிவிட்டேன். வைகாசியிலேயே. யாரிடமும் சொல்லவில்லை.

என் பெஞ்சில் இருந்த கமலா பெரியவளானதும் வீட்டில் சொன்னாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. அடுத்த கப்பலில் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்கு டிசம்பரில் பரீட்சை. தேறினால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை எடுத்துக்கொள்வதாகக் கண்மணி உபாத்தியாயினி சொல்லியிருக்கிறார்.

இப்போது கஷ்டம் துணிக்குத்தான். அப்பா என் கைச்செலவுக்கு மாதாமாதம் அனுப்பும் இரண்டு வெள்ளியும் சித்தியிடம் இருக்கிறது. சித்தி அதில் ஒரு காசு தொடமாட்டார். ஆனால் கேட்கும்போதெல்லாம், "எதுக்குடி? போன வாரந்தானே பென்சில் வாங்கினே? வாங்கினதைக் கொண்டாந்து காட்டு" என்பார். என் பச்சைப் பாவாடையைக் கிழித்துச் சமாளித்தேன். இப்போது அதைத் தேடுகிறார்.

நேற்று ஒலி முகம்மது நானாவின் ஜவுளிக் கடையில் விலை மட்டும் கேட்டேன். "காசு இல்லாட்டி என்ன புள்ள, சித்தப்பா பேர்ல எழுதிக்கிறேன், எடுத்துட்டுப் போ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பேரில் எழுதினால் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடுமே. ஓடி வந்துவிட்டேன்.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை அந்த நிலையில் சித்தி சொன்னார் என்று சாமி விளக்கை ஏற்றினேன். அதன் பிறகுதான் பாப்பாவுக்குக் காய்ச்சல். சித்தி வீரமாகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். என்னால்தானா அம்மா?

பதிலை உபாத்தியாயினி பெயருக்குப் பள்ளிக்கூடத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் பிள்ளை
தையல்


நாகப்பட்டினம்
27-8-1909

என் தங்கமான தையலுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். எத்தனை தடவை எடுத்துப் படித்தேனோ தெரியாது.

பாப்பாவுக்குக் காய்ச்சல் உன்னால் இல்லை. பல் முளைக்கிற வயது, அங்கே மழையும் அதிகம். ஆனாலும் இனி அந்த நாட்களில் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள், விளக்கைத் தொடாதே.

மற்றதற்கு என்ன சொல்வது? பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் என் பெண் பெரியவளாகியிருக்கிறாள். பயத்தோடு பாவாடையைக் கிழித்திருக்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் இதை மறைப்பது சரியில்லை கண்ணே. நாளைக்குத் தெரிந்தால் சித்தி என்னைத்தான் கேட்பாள். அவளிடம் சொல்லிவிடு. அப்பாவிடம் நான் இன்னும் பேசவில்லை.

உன் அம்மா


சிங்கப்பூர்
14-9-1909

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பாவுக்குக் குணமாகிவிட்டது. கீழே இரண்டு பல் வந்திருக்கிறது.

நீங்கள் சொன்னபடி சித்தியிடம் சொல்லப் போனேன். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, "என்னடி முழிக்கிறே?" என்றார். "கணக்கு வரல சித்தி" என்றேன். "எனக்கு மட்டும் வருதாக்கும். போய் உங்க சித்தப்பாவைக் கேளு" என்று சிரித்தார். அவ்வளவுதான். திரும்பிவிட்டேன்.

கப்பல் சங்கு கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். சித்தப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து வரும்போது கையில் எனக்கு டிக்கெட் இருக்குமோ என்று முதலில் அவர் கையைத்தான் பார்க்கிறேன்.

கமலாவின் இடத்தில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை. நான் அதைப் பார்க்காமல் எழுதப் பழகிக்கொண்டேன்.

நிறையப் பணம் வேண்டாம் அம்மா. எதற்கென்று கேட்காத காசு கொஞ்சம் போதும். டிசம்பர் வரைக்கும். அதன் பிறகு நீங்கள் யாரிடம் சொன்னாலும், எந்தக் கப்பலில் ஏற்றினாலும் வருகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா?

தையல்


நாகப்பட்டினம்
6-10-1909

என் தையலுக்கு,

அப்பாவிடம் பேசினேன். நீ பயந்த பேச்சு இல்லை. "வாத்திச்சி ஆகப் போறவ, நாலு காசைக் கையில வச்சுப் பொழங்கத் தெரிய வேணாமா? பதினாலு வயசுப் பொண்ணு பென்சிலுக்குக்கூட யார் கிட்டயாவது நின்னு கேக்கணுமா?" என்றேன். "கையில காசு கொடுத்தா பிள்ளை கெட்டுப்போவா" என்றார். "நீங்க கெட்டா போனீங்க?" என்றேன். மைக்கூட்டை எடுத்துவரச் சொன்னார்.

மாதம் ஒரு வெள்ளியை உன் கையில் கொடுத்துவிட வேண்டும், அதற்குக் கணக்குக் கேட்க வேண்டாம் என்று உன் சித்தப்பாவுக்கு எழுதிவிட்டார். இதே கப்பலில்தான் அதுவும் வருகிறது. முதலில் துணியும் சோப்பும் வாங்கு. மீந்ததில் உனக்குப் பிடித்ததைத் தின்னு. மிச்சம் பிடிக்காதே.

பரீட்சை முடிந்த மறுநாள் நானே சித்திக்கு எழுதுவேன். அவள் திட்டினால் என்னைத் திட்டட்டும். அதுவரை என் வாயிலிருந்து வராது. நீ பள்ளிக்கூடம் போ.

எனக்கு ஒன்றுதான் மனம் கேட்கவில்லை. உன் தலையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, நலங்கு வைக்க ஆள் இல்லை. அதனால் நேற்று வெல்லம் போட்டு, நல்லெண்ணெய் நிறைய விட்டு உளுந்தங்களி கிண்டினேன். அப்பா இலையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார். "பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறா" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

உன் பங்கை நான் அடுப்படியில் நின்றே சாப்பிட்டேன். நன்றாக வந்திருந்தது.

உன் அம்மா