நான்கு முறை அழுத்தியது நான்

மார்ச் 9, சனி

இன்று காற்று அதிகம். பத்து மணிக்கே லைல் விமானத்தைக் கட்டிப் போட்டுவிட்டான். பாராசூட்டில் குதிக்கும் இந்தத் திடல் அவனுடையது, குதிக்கலாமா வேண்டாமா என்பதில் அவன் சொன்னால் சொன்னதுதான். வேலையற்ற பையன்கள் எல்லோரும் என் கொட்டகையில் வந்து குந்திக்கொண்டார்கள். அதில் ஒருவன் நாற்பது குதிப்புகூட முடிக்கவில்லை, நூற்று முப்பத்தைந்து சதுர அடிப் பாராசூட் வாங்கப் போகிறானாம்.

"உன் எடை என்னடா?"

"நூத்தி எழுபத்தஞ்சு பவுண்டு."

"அது குளியலறைத் தராசுல. பூட்ஸ், ஹெல்மெட், முதுகு மூட்டை, இதையெல்லாம் உன் மாமனாரா தூக்கிட்டு வருவாரு? எல்லாம் சேர்த்தா இருநூறு. இருநூறு பவுண்டுக்கு இருநூறு சதுர அடி. அதுக்குக் கீழ போனா எங்கிட்ட மடிக்க வராதே. சின்னத் துணி வேகமா இறங்கும். தரை மட்டும் அதே இடத்துலதான் இருக்கும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினெட்டு வருடமாகப் பாராசூட் மடித்துத் தைத்துப் பிழைக்கிறேன். அடுத்தவருக்குப் புத்தி சொல்ல எனக்குக் குறைச்சலே இல்லை.

மாலையில் மார்லி போன் செய்தாள். போன வருடம் குதித்தபோது இறந்துபோன டெல் கிம்பலின் மகள். டூசானில் படிக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாமல் அங்கேயே முப்பத்தோரு குதிப்பு முடித்து உரிமமும் வாங்கிவிட்டாளாம்.

"அப்பாவோட செட்டை எடுத்துட்டு வரேன் ஆன்ட்டி. எனக்கு ஆகுமான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

வா என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 10, ஞாயிறு

விரல் தானாக மேஜையைத் தட்டுகிறது. எண்ணிப் பார்த்தால் நான்கு. எப்போதும் நான்குதான்.

மார்ச் 12, செவ்வாய்

வந்தாள். டெல்லின் நடை, டெல்லின் அதே கோணல் சிரிப்பு. மூட்டையை என் மேஜையில் வைத்தாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அவள் அம்மா டாரீனின் அலமாரியில் கிடந்திருக்கிறது. பட்டையில் இன்னும் காய்ந்த புல் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் தட்டிவிடவில்லை. நானும் தட்டிவிடவில்லை.

வேலையைப் பார்த்தேன். வேலை செய்யும்போது குரல் நேராக வரும்.

"இது நூத்தி இருபது சதுர அடி. உங்கப்பா ஆயிரத்து எண்ணூறு தடவை குதிச்சவர். நீ மூட்டையோட சேர்த்து நூத்தி ஐம்பது பவுண்டு, முப்பத்தோரு குதிப்பு. உனக்கு நூத்தித் தொண்ணூறு. ஆபத்துக்குத் திறக்கிற ரிசர்வும் பெருசா இருக்கணும். மயக்கத்துல இறங்கினாலும் காலை உடைக்காத ரிசர்வ் வேணும். பட்டை வேற உனக்குத் தொளதொளன்னு இருக்கு, தலைகீழா ஆனா நழுவும். ஹெல்மெட் கெட்டியானது வாங்கு. உங்கப்பா மாதிரி துணித் தொப்பி வேண்டாம்."

கடைசி வரியைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் கோபிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். மூட்டைக்குள் இருந்த தானியங்கிக் கருவியைச் செய்த கம்பெனி, விபத்துக்குப் பிறகு எழுதியது. எனக்கு மனப்பாடம். 'இடம் மாறிய பிறகு, பயன்படுத்தியவர் கருவியை அணைத்து மீண்டும் இயக்கவில்லை.'

"ஒரு பட்டன் ஆன்ட்டி. அதை அழுத்த மறந்துட்டாரு. நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் மூணு வாட்டி பார்க்கிறேன்."

கடையில் இருந்த பழைய செட் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். நூற்றுத் தொண்ணூறு. ரிசர்வை நானே மடித்து, சிவப்பு நூல் கட்டி, ஈய முத்திரை குத்தி, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். நூற்று எண்பது நாளைக்குச் செல்லும். செப்டம்பர் எட்டு வரை.

கருவியை அணைத்தேதான் கொடுத்தேன். இப்போது.

மார்ச் 13, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

முதுகு மூட்டைக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கும். குதித்தவர் மயங்கி விழுந்தாலும், தரை எழுநூற்றைம்பது அடியில் இருக்கும்போது ரிசர்வை அதுவே திறந்துவிடும். ஆனால் தரை எங்கே என்று அதற்கு எப்படித் தெரியும்? இயக்கும்போது அது எந்த மண்ணில் இருக்கிறதோ, அதுதான் அதற்குத் தரை. அதனால் குதிக்கும் திடலில் நின்று, குதிப்பவர் தன் கையால் இயக்க வேண்டும். அழுத்தி, சிவப்பு விளக்கு மின்னியதும் மறுபடி அழுத்தி, இப்படி நான்கு முறை. மடித்துக் கொடுப்பவர் அணைத்தே கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லும் பாடம் இது.

போன வருடம் மே 26. சீடர் பெஞ்சில் வருடாந்திரக் கூட்டம். அது மேட்டுத் திடல், எங்கள் ஊரைவிட அறுநூறு அடி உயரம். விடியும்போதே டெல் மூட்டையை வாங்க வந்தான். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். காப்பிக் கோப்பையை வாயில் கவ்விக்கொண்டு அவசரப்பட்டான். அவனுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று நான்கு முறை அழுத்தினேன்.

"எல்லாம் ரெடி. கருவிகூட ஆன். மாட்டிக்கிட்டுக் குதி, அவ்வளவுதான்."

"தங்கம்டி நீ" என்றான். என்னிடம் அவன் சொன்ன கடைசி வார்த்தை.

அங்கே வானத்தில் யாரோ ஒருவரின் முழங்கால் அவன் தலையில் பட்டது. மயங்கிவிட்டான். கருவி எங்கள் ஊர்த் தரையை எண்ணிக்கொண்டே இறங்கியது. அதன் கணக்கில் எழுநூற்றைம்பது, அங்கே வெறும் நூற்றைம்பது அடியில் ரிசர்வைத் திறந்தது. துணி பாதிதான் விரிந்தது.

மறந்துவிட்டான் என்றார்கள் எல்லோரும். நான் வாயைத் திறக்கவில்லை. பத்து மாதமாகத் திறக்கவில்லை.

ஏப்ரல் 6, சனி

மார்லி இரண்டு குதிப்பு. அழகாக இறங்கினாள். புதுப் பாராசூட்டில் முதல் குதிப்பு என்று வழக்கப்படி ஒரு பெட்டி பீர் வாங்கி வைத்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஈஸ்டர் விருந்துக்கு டாரீன் வீட்டுக்குப் போனேன். மகள் குதிப்பது இப்போது அவளுக்கும் தெரியும். ஹாம் இறைச்சியை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "வேற எதுல போயிருந்தாலும் மனசு ஆறியிருக்கும் ரோ. சோம்பேறித்தனத்துல போனான் பாரு, அதைத்தான் மன்னிக்க முடியல. ஒரு பட்டன்!"

உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டேன். சாப்பிட்டேன். மனுஷியா நான்?

மே 4, சனி

கொட்டகையில் அவன் சீட்டி கேட்டது. திரும்பிப் பார்த்தால் காற்றில் தகரம் ஆடுகிறது. அதற்குள் "வா டெல்" என்று சொல்லிவிட்டேன். லைல் கேட்டிருப்பான். ஒன்றும் கேட்காத மாதிரி போய்விட்டான்.

மே 26, ஞாயிறு

சீடர் பெஞ்ச். ஒரு வருடம். ஏழு பேர் வானத்தில் கைகோத்து வட்டம் போட்டு, டெல்லுக்கு ஒரு இடத்தைக் காலியாக விடுவது என்று ஏற்பாடு. மார்லிக்கு இன்னும் அந்த அனுபவம் இல்லை. அவர்களுக்குப் பின்னால் தனியாகக் குதிக்க, ஏற்பாட்டைக் கவனித்த லைல் சம்மதித்திருந்தான். டாரீன் கீழே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

விமானம் ஏறப் போகும் முன் மார்லி எல்லோரையும் நிறுத்தினாள்.

"எல்லாரும் இங்க வந்துதானே கருவியை ஆன் பண்ணீங்க? எங்கப்பா மாதிரி மறந்துடாதீங்கப்பா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார் - செத்துப்போன அவனுக்காக வெட்கப்பட்டு.

என் வாய் தானாகத் திறந்தது.

"அவன் மறக்கலம்மா. நான்தான் ஆன் பண்ணிக் கொடுத்தேன். கீழ, என் கொட்டகையில. ஆன்ல இருக்கு, குதின்னு நான்தான் சொன்னேன்."

விமானத்தின் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. டாரீன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருக்கலாம்.

"ஒரு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டிருந்தேனே. நீ என் சமையலறையில உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தியே ரோ."

மார்லி பட்டைகளை அவிழ்த்து, மூட்டையை வண்டியில் போட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வட்டம் போடவில்லை. எல்லோரும் கலைந்தோம்.

மே 28, செவ்வாய்

எனக்குப் பாராசூட் மடிக்க உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். இரண்டே பக்கம். இத்தனை நாள் ஆனது, இரண்டே பக்கத்துக்கு.

ஜூன் 15, சனி

லைல் சொல்கிறான்: "உன் மேல பாதி, அவன் மேல பாதி. தான் முதுகுல மாட்டுறதைத் தானே பார்க்கணும், ரோ. அவனும் பார்க்கல."

உண்மைதான். ஆனால் பாதி என்று தெரிந்தால் பாதித் தூக்கமா வருகிறது?

ஜூலை 30, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து பதில். எச்சரிக்கை மட்டும். உரிமம் இருக்கிறது. பிடுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ?

டாரீன் போனை எடுப்பதில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

மார்லியின் முத்திரை இன்னும் ஒரு வாரம். டூசானில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அங்கேயே மடித்துக்கொள்வாள். அதுதான் நல்லது. நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

செப்டம்பர் 7, சனி

காலை ஒன்பது மணிக்குக் கொட்டகை வாசலில் நின்றாள். மூட்டை தோளில். ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை.

"நாளையோட முடியுது. மடிச்சுத் தருவீங்களா?"

"டூசான்ல யாரும் இல்லையா?"

"இருக்காங்க." உட்கார்ந்தாள். "தாங்க பண்ணின தப்பு என்னன்னு அவங்க யாரும் எங்கிட்ட சொன்னதில்ல."

மூன்று மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மடிப்பும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அப்பா போட்டோவைத் திரும்ப மாட்டியிருக்காங்க" என்றாள். என்னைப் பற்றி டாரீன் ஏதாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

நூல் கட்டினேன். ஈயம் குத்தினேன். அட்டையில் கையெழுத்துப் போட்டேன்.  கருவியின் முகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். வெறுமையாக, அணைந்திருந்தது. 

அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஓடுபாதை ஓரம் மண்ணில் மண்டியிட்டு, தன் கையால் அழுத்தினாள். நான் வாசலில் நின்று எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். விமானம் ஏறும் முன் இன்னொருவரை முதுகுப் பக்கம் பார்க்கச் சொல்வது எங்கள் வழக்கம். அங்கே லைல் இருந்தான், பையன்கள் இருந்தார்கள்.

என் முன்னால் வந்து திரும்பி நின்றாள்.

"பார்த்துச் சொல்லுங்க ஆன்ட்டி."

மூடியைத் தூக்கினேன். ரிசர்வைப் பூட்டியிருக்கும் ஊசி நேராக இருந்தது. நூல் அறுபடவில்லை. கருவி ஆன், அவள் போட்டது. எல்லாவற்றையும் இரண்டாவது முறையும் பார்த்தேன். மூடியை மூடி, தோளில் ஒரே ஒரு தட்டு தட்டினேன்.