ஆறு வருஷத்து பீன்ஸ் கேசரோல்

டுவைட்,

நீ ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நான் கிளம்பியிருப்பேன். பூனைக்குச் சாப்பாடு வைத்தாயிற்று.

நேற்று உன் அம்மா உன்னைத் தேடிப் போன் செய்தார். தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இந்த முறை பீன்ஸ் கேசரோலைப் பெரிய பாத்திரத்தில் செய்கிறேன், போன வருஷம் போதவில்லையாமே என்றேன்.

"என்ன பீன்ஸ்? எங்க வீட்டு வாசப்படி மிதிக்கவே உனக்குப் பிடிக்கலைன்னு டுவைட் சொன்னானேம்மா" என்றார்.

என்னிடம் நீ சொன்னது வேறு. "அம்மாவுக்கு உன் மேல இன்னும் கோபம் ஆறல. நீ வராத, நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

ஆறு வருஷம் பீன்ஸோடு காளான் வதக்கி, வெங்காயம் பொரித்து மேலே தூவி, ஓவனில் வேகவைத்து உன் கையில் கொடுத்தேன். காலிப் பாத்திரத்தோடு வந்து, "வழிச்சு நக்கிட்டாங்க" என்பாய். எங்கே கொட்டினாயோ. நானும் உன் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் இருந்தால்தான் உனக்கு நிம்மதி என்று முடிவு செய்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று நானே கொண்டுபோகிறேன். "வாயேன், யார் வேண்டாம்னா?" என்றார் உன் அம்மா.

உனக்குச் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைத்திருக்கிறேன். ஓவனுக்குள் இருக்கிறது. வெங்காயம் சிவந்ததும் எடுத்துவிடு, கருக விடாதே.

மார்லா

பி.கு.: உன் அம்மா வீட்டில் சாப்பாடு மூன்று மணிக்கு. ஆறு வருஷமும் கேசரோல் எங்கே போனது என்று உன் அம்மாவும் கேட்கிறார். நான் பதில் சொல்லப் போவதில்லை. நீயே வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சொல்.