ஹோலுக்குள் ஒரு நுவரெலியா

மே 26

இதை வாசிக்கும் எவரும் நம்பமாட்டார்கள் என்று, நாவுல டவுன் அறிய, என் மீசை அறிய, சத்தியம் செய்து தொடங்குகிறேன். வாசிக்கப்போவது நான் ஒருவன்தான். நானும் நம்பமாட்டேன்.

தங்கச்சி இலட்சுமியின் யட்டவத்தைப் புது வீட்டுக்கு ஏ.சி. வந்துவிட்டது. குளிக்கும் அறைக்குச் சுடுதண்ணி மெசினும். ஏ.சி. பெட்டியைத் தூக்க இரண்டு யானைகள் வந்து, அதில் ஒன்று களைத்து லீவு போட்டுவிட்டது. பெட்டியின் முன்னால் மச்சான் சசிக்குமார் நிற்கிற நிற்பு! அவரே பெற்றெடுத்ததுபோல.

எனக்கு எரிகிறதா? சேச்சே. என் மேசை ஃபேன்கூட இல்லை இல்லை என்று தலையாட்டுகிறது.

மே 28

எரிகிறது. ஏ.சி.யைச் சுவரில் பூட்ட வந்திருக்கும் மாத்தளை ஹாஷிமை நினைத்தால்.

வாசல் எந்தப் பக்கம், ஜன்னல் எத்தனை — எதற்கும் "அண்ணனக் கேளுங்க" என்றிருந்தவள் இலட்சுமி. இன்று நான் சுவரைக் காட்டி வாய் திறக்குமுன், "இருங்கண்ணே, ஹாஷிம் தம்பி வரட்டும்" என்றாள்.

அவள் பிறந்த நாளிலிருந்து நான் அண்ணன். இவன் முந்தாநாள் முளைத்த தம்பி!

ஜூன் 2

இன்றும் ஹாஷிம் தம்பி. அவனுக்கு முட்டை ரொட்டி. எனக்கு வெறும் ரொட்டி.

ஜூன் 4

எல்லாவற்றையும் சோதிக்கும் நாள். ஹாஷிம் ஏ.சி.க்குள் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினான். வெளிக்குழாயால் வருகிறதா என்று பார்க்க என்னை அனுப்பினான். என்னை! சுவரோரம் குந்தியிருந்து, வராதே வராதே என்று வேண்டினேன். வந்தது. மகாவலியே வந்தது. என் செருப்பை இனித் திருகோணமலைக் கடலில்தான் தேடவேண்டும். சுடுதண்ணிக் குழாயைத் திறந்தேன். கை சுட்டது. குறை சொல்ல ஒரு குறைகூட வைக்காதவனை எப்படி மன்னிப்பது?

நாளைக் காலை பால் காய்ச்சுகிறார்கள். முன் ஹோலில் அடுப்புக் கல் வைப்பது மூத்தவன் என் பொறுப்பு. எனக்கென்று அது ஒன்றுதான் மிச்சம். அதிலும் வந்தான்.

"அங்கிள், ஏ.சி.க்கு நேர் கீழ வைக்காதீங்க. நாளைக்கு நான் வந்து பாக்குற வரைக்கும் அது ஓடிக்கிட்டே இருக்கணும்."

"அடுப்பு கெழக்கப் பாக்கணும் தம்பி. ஒன் மெசினப் பாக்கணும்னு சாஸ்திரத்துல இல்ல."

அங்கேயேதான் வைத்தேன்.

ஜூன் 5

பால் பொங்கவில்லை.

குளிர்காற்று நேராக அடுப்பில் விழுந்து நெருப்பைச் சாய்த்தது. விறகு புகைந்தது, பால் குளத்துத் தண்ணீர்போல் கிடந்தது. வந்த சனம், "அடேங்கப்பா, என்னா குளிரு!" என்று மச்சானைப் புகழ்ந்தது. அவரும் சிரித்துக்கொண்டு நின்றார். சுபநேரம் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஒரு கிழவி, "பொங்காட்டி ஆகாதே" என்று முணுமுணுத்தாள். இலட்சுமி குனிந்து அடுப்பை ஊதினாள்.

ஹாஷிம் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றினான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே! பால் பொங்கலண்ணே!"

இத்தனை நாள் ஒரு பதிலைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன்: 'ஒன் தம்பியக் கேளு.' இதைவிட நல்ல இடம் வாய்க்குமா? ஆனால் அவள் முகம் — அட போ. வாயில் வந்தது வேறு.

"ஹாஷிம்! அந்தச் சனியன நிப்பாட்டுடா!"

நிறுத்தினான். நான் சால்வையை விரித்து அடுப்பைச் சுற்றி மதிலாக நின்றேன். நெருப்பு நிமிர்ந்தது. பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. இலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள்.

பாற்சோறு சாப்பிடும்போது ஹாஷிம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். யாருக்கும் கேட்காமல், "நல்ல எடமாப் பாத்துத்தான் வச்சீங்க அங்கிள்" என்றான். என் இலையில் இருந்த வாழைப்பழத்தை அவனுக்குக் கொடுத்தேன். வாயை அடைக்க.

ஜூன் 8

தேத்தண்ணிக் கடையில் சொன்னேன்: ஹோலில் முழங்கால் வரை பனி, பால் ஐஸ்கிரீமாகி நின்றது, நான் மூச்சு விட்டு உருக்கினேன். கடைக்கார ஜிப்ரி நானா, "பனியில எத்தன பேர் மௌத்தானாங்க?" என்று கேட்டார். எழுநூறு பேர் செத்தார்கள் என்றேன்.

மாலையில் இலட்சுமி போன் பண்ணினாள். "சுடுதண்ணி வரலண்ணே, என்னா செய்ய?"

"ஹாஷிம் தம்பியக் கேளும்மா" என்றேன். நானேதான்.

யானை பொய். பனி பொய். எழுநூறு பேரும் சுகமாக இருக்கிறார்கள். அவ்வளவு கூட்டத்தில் அவள் "அண்ணே" என்று கூப்பிட்டாளே, அது மட்டும் நிஜம்.