பொன்னாடைக்கு முன்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கதைக்க வந்தால் நீங்கள் எழும்பிப் போய்விடுகிறீர்கள். அதனால் எழுதி மேசையில் வைக்கிறேன்.

வெள்ள மீட்புக் குழுத் தலைவரான உங்களுக்கு நாளை நடக்கும் பாராட்டு விழாவில் வாசிக்கும் மடலை நான்தான் எழுத வேண்டுமாம். "டீச்சர், நீங்க எழுதினாத்தான் ஊர் நம்பும்" என்று விழாக் குழுச் செயலாளர் சிரித்தார்.

இருபது வருடமாக நான் வரலாற்றுப் பாடத்தில் படிப்பிக்கும் பழைய ஏதென்ஸிலும் குதிரைப்படைத் தலைவர்களுக்கு ஊர் கூடிப் பொன்முடி சூட்டியது, புகழைக் கல்லில் வெட்டி வைத்தது. ஆனால் அதற்கு முன் அவர்கள் தம் பதவிக்காலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். குறையுள்ள எவரும் எழும்பிக் கேட்கலாம்.

வெள்ளத்தில் ஆட்களை மீட்கப் போய்த் தோணி கவிழ்ந்து மௌத்தான உங்கள் குழு றிபாய்தீனின் மனைவி சிபானா, இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் முடிந்ததும் முதலில் வந்தது நம் வீட்டுக்குத்தான். "தண்ணி இழுக்குது, ஏலாதெண்டு எங்கட இவர் ஃபோன்ல சொன்னாராம். உங்கட சேர்தான் போகச் சொன்னதாம். உண்மையா ராத்தா?" என்று கேட்டாள்.

நீங்கள் அந்த ஃபோனில் கதைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அவளிடம் அதைச் சொல்லாமல் தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

மடல் முடிந்துவிட்டது. றிபாய்தீனை அனுப்பியது யார் என்ற இடத்தில் மட்டும் ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. அதை உங்கள் கையால் எழுதுங்கள். எழுதாவிட்டால், அந்த இடம் வந்ததும் நான் வாசிப்பதை நிறுத்தி உங்களைப் பார்ப்பேன்.

முன்வரிசையில் சிபானாவுக்கு ஒரு கதிரை போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி