ஏழாம் எண்

9 ஜூன், திங்கள்

வெயில் குறையவே இல்லை. வைகாசி விசாகம் வேறு. விராலிமலைப் பக்கம் போகிற பஸ் எல்லாம் படிக்கட்டு வரை ஆள். நல்லவேளை, இன்று எனக்கு அங்கிட்டு வேலை இல்லை.

கோட்டாட்சியர் ஆபீஸிலிருந்து கடிதம். கல் குவாரி பற்றி நாங்கள் கொடுத்த அறிக்கை மீது வெள்ளிக்கிழமை விசாரணை. குவாரியின் குத்தகையைப் புதுப்பிப்பதற்கு முன் கேட்கிறார்கள். மூன்று வருஷ உழைப்புக்கு முதல் அரசு முத்திரை. கால் மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு இரண்டாம் பக்கம். அறிக்கையில் வாக்குமூலம் தந்த பதினோரு பேரும் ஊர் வாக்காளர் பட்டியலில் இல்லையாம். நேரில் வந்து சொன்னால்தான் ஏற்பார்களாம்.

எப்படி இருப்பார்கள்? மலர், கோமதி, துரைராசு எல்லாம் நான் வைத்த பெயர். எங்கள் குழுவின் விதி அது. கல்லூரி வாத்தியார்கள், ஒரு வக்கீல், ஒரு டாக்டர், வெளிநாட்டில் பிஎச்.டி. பண்ணும் சிலர், ஆராய்ச்சியை அலமாரியில் பூட்டாமல் ஜனங்களுக்கு ஆகிற மாதிரி செய்வோம் என்று சேர்ந்தவர்கள். சொன்னவர் யாரென்று வெளியே தெரியாமலிருக்க, யார் எந்த எண் வாக்குமூலம் என்ற பட்டியலை அறிக்கை முடிந்ததும் அழிக்க வேண்டும். ஏப்ரலில் அழித்தேன். கிழித்து, பக்கெட்டில் ஊறப்போட்டு, கூழாக்கி. போட்டோ வேறு அனுப்பினேன். வாட்ஸப்பில் எல்லோரும் கைதட்டினார்கள்.

வாங்க: அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, கொசுவத்தி, சிவப்புப் பேனா.

10, செவ்வாய்

குழுவில் காலையிலிருந்து பிரசங்கம். சென்னைப் பேராசிரியர்: "நெறிமுறையில் சமரசம் கிடையாது." நீளமாக, நாலு பத்தி.

கீரனூர் வக்கீல் சேகர் போன். "மேடம், நெறிமுறைய நான் அப்பறம் படிச்சுக்கிறேன். வெள்ளிக்கெழம ஆள் வரணும். வரலைன்னா அந்த ஊருக்கு இன்னும் அஞ்சு வருசம் வெடிதான்."

பட்டியல் இல்லையே என்றேன்.

"ஊர்ல போயி அறிக்கைய வாசிங்க. அவுங்கவுங்க சொன்னது அவுங்கவுங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமை.

11, புதன்

ஊர்ப் பெயரை இங்கேயும் எழுதவில்லை. பழக்கமாகிவிட்டது. கொடும்பாளூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. சமுதாயக் கூடம், சாயங்காலம், முப்பது பேர் இருக்கும். ஃபேன் ஓடவில்லை.

வாசித்தேன். எண் 1, சுவர் விரிசல். ஒருவர் கை தூக்கினார். எண் 2, கிணற்றுத் தண்ணீர். "நாந்தாங்க சொன்னேன். ஆனா இம்புட்டு அழகா சொல்லலையே." சிரிப்பு. எண் 4-க்கு இரண்டு பெண்கள். "நான் சொன்னத இவ எப்புடி சொல்லுவா?" "ஏன், ஒன் சோத்துல மட்டுந்தான் தூசி விழுதா?" இரண்டு பேரையும் எழுதிக்கொண்டேன்.

நடுவில் ஒரு வெடி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் பேப்பரைக் கீழே போட்டேன்.

எண் 7. வெடிக்குப் பறந்த கல் கூரை ஓட்டைப் பிய்த்து விழுந்து, தூங்கின பிள்ளையின் கால் உடைந்தது. குவாரி ஆட்களே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டிலிலிருந்து விழுந்ததாக எழுதவைத்தார்கள். வாசித்து முடித்தேன். யாரும் கை தூக்கவில்லை.

பட்டியல் போனாலும் எனக்கு அவளை ஞாபகம் இருக்கிறது. கதவோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தப் பிள்ளை. அவள் புருஷன் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறான், வாசலில்தான் நின்றான். அவள் பாயையே பார்த்துக்கொண்டு, "அடுத்தத வாசிங்க டீச்சர்" என்றாள்.

வாசித்தேன். கடைசியில் பத்து எண்ணுக்குப் பதினோரு பேர். தலைக்கணக்கு சரி, ஏழுதான் இல்லை.

12, வியாழன்

சேகர்: "மத்ததெல்லாம் தூசி, விரிசல். ஏழாம் நம்பர்தான் கேஸே. யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"எதுவா இருந்தாலும் ஆள் வராது சார்."

சென்னைப் பேராசிரியர் இன்று: "சூழலைப் பொறுத்து கொஞ்சம் நெகிழலாமே." முந்தாநாள் நாலு பத்தி, இன்று நாலு வார்த்தை.

மாத்திரை வாங்கியாச்சு. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் புருஷன் வேலை போய்விடும் என்பதுகூட அப்புறம்தான். ஊர் முழுக்கக் காத்திருக்கும்போது நானே வாய் தவறின மாதிரி அவள் பெயரைச் சொல்லிவிடுவேனோ என்றுதான். "சாப்புட்டியா இல்லையா?" அம்மா மூன்று தடவை. இல்லை.

13, வெள்ளி

காலையில் நாலு தூறல், பிறகு புழுக்கம். பதினோரு பேரும் வேனில் வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை.

அதிகாரி தன்மையான மனிதர். எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார். பெயர், ஆதார், நடந்தது. எண் 4 பெண்கள் இருவரும் இப்போது ஒரே கட்சி. பிறகு, "ஏழாவது யாருங்க?"

என் பக்கம் திரும்பினார். "எழுதினது நீங்க. அப்படி ஒருத்தங்க இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"பேரு?"

"சொல்றதுக்கில்ல சார்."

"அப்ப அத நான் வச்சுக்க முடியாது. நீங்களும் கையெழுத்துப் போடணும்."

'ஏழாம் வாக்குமூலம் உண்மையென நிரூபிக்கப்படாததால் நீக்கப்படுகிறது.' கீழே என் பெயர், பதவி. போட்டேன். சேகர் என்னோடு டீ குடிக்க வரவில்லை. குத்தகை முடிவு பிறகு தெரிவிப்பார்களாம்.

14, சனி

துணி துவைத்தேன். பத்து மணி வாக்கில் புது நம்பரிலிருந்து போன். குரல் கேட்டதும் தெரிந்தது.

"டீச்சர், நான் சொன்னது பொய்யின்னு எழுதிட்டாகளாமே. வேன்ல வந்தவுக பேசிக்கிறாக."

பொய் என்று எழுதவில்லை, நீக்கியிருக்கிறார்கள் என்றேன்.

"நீக்குறதுன்னா?"

விளக்கப் பார்த்தேன். எனக்கே சரியாக வரவில்லை.

"எம் பிள்ள கால நீங்க தொட்டுப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேம்மா."

"பெறகு யாரு அதுல கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."